எந்தப் படை, எந்தக் கொடி, எந்த ஆண்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்தால் 4-ம் தேதி கடற்படை தினம், 7-ம் தேதி படைவீரர் கொடிநாள், 16-ம் தேதி 1971 போரின் வெற்றி நாள் என்று அடுத்தடுத்து வரும். தமிழ் நாளிதழ்கள் இந்த நாட்களுக்குச் சிறப்புப் பக்கம் போடுகின்றன. கட்டுரையில் பெரும்பாலும் குறை இருக்காது. தலைப்புக்குப் பக்கத்தில் போடும் கொடிதான் சறுக்கிவிடுகிறது. 1971-ல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய கதைக்கு 2022-ல் அறிமுகமான கொடியைப் போடுகிறார்கள். இன்றைய கப்பலைப் பற்றிய செய்திக்கு எப்போதோ இறக்கிவிட்ட கொடியைப் போடுகிறார்கள். கொடியைப் படிக்கத் தெரிந்தால் படத்தின் காலத்தையே ஓரளவு சொல்லிவிடலாம். பக்கம் தயாரிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல். தமிழில் ‘ராணுவம்’ என்பதை முப்படைக்கும் சேர்த்து எழுதுகிறோம். பேச்சுக்கு அது போதும், கொடிக்குப் போதாது. ‘ராணுவக் கொடி’ என்று ஒரே கொடி கிடையாது. தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று. கடலோரக் காவல்படைக்குத் தனிக்கொடி. மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் எல்லைப் பாதுகாப்புப் படையும் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவற்றின் கொடிகள் இந்தக் கணக்கிலேயே சேராது.

தவறு அதிகம் நடப்பது கடற்படைக் கொடியில்தான். சுதந்திர இந்தியாவில் அது ஐந்து முறை மாறியிருக்கிறது.

1950 ஜனவரி 26 வரை இருந்தது பிரிட்டிஷ் பாணிக் கொடி: வெள்ளைத் துணி, நடுவே சிவப்புச் சிலுவை, கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் ஜாக். அந்தச் சிவப்புச் சிலுவை இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் சிலுவை. 1946 பிப்ரவரியில் பம்பாயில் வெடித்த கடற்படை எழுச்சியின்போது மாலுமிகள் இறக்கியது இந்தக் கொடியைத்தான். அதற்குப் பதில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகளைச் சேர்த்து ஏற்றினார்கள். அந்த எழுச்சியைப் பற்றிய கட்டுரையில் மூலையில் மூவர்ணம் உள்ள கொடியைப் போட்டால் கதையின் உயிரே போய்விடும்.

குடியரசான நாளில் பெயரிலிருந்து ‘ராயல்’ போனது, மூலையிலிருந்து யூனியன் ஜாக் போனது, அந்த இடத்துக்கு மூவர்ணம் வந்தது. சிலுவை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த இரண்டாவது கொடிதான் நீண்ட காலம் பறந்தது: 1950 முதல் 2001 ஆகஸ்ட் வரை. 1961 கோவா நடவடிக்கை, 1971 போர் எல்லாம் இதன் கீழ்தான் நடந்தன. 1961 மார்ச்சில் படையில் சேர்ந்து 1997 ஜனவரியில் ஓய்வு பெற்ற விமானந்தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்த், பணியில் இருந்த காலம் முழுக்க வேறு கடற்படைக் கொடியைக் கண்டதே இல்லை. பழைய விக்ராந்த் கதைக்குப் படம் தேடுபவர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே போதும்.

2001 ஆகஸ்ட் 15-ல் சிலுவையை எடுத்துவிட்டு, வெள்ளைத் துணியில் கடற்படையின் சின்னத்தை நீல நிறத்தில் வைத்தார்கள். அடிமைக் காலத்து அடையாளம் போகட்டும் என்ற எண்ணம் நியாயமானதே. கடலில் அது எடுபடவில்லை. நீலச் சின்னம் வானத்தோடும் கடலோடும் கலந்து தூரத்திலிருந்து தெரியவில்லை என்று புகார் வந்தது. கப்பல் கொடியின் முதல் வேலையே தூரத்தில் வரும் இன்னொரு கப்பலுக்கு ‘நான் யார்’ என்று சொல்வதுதானே. அதனால் 2004 ஏப்ரல் 25 முதல் சிலுவை திரும்பி வந்தது. அதன் கைகள் சந்திக்கும் இடத்தில் பொன்னிற அசோகச் சிங்கங்கள் அமர்ந்தன. 2014-ல் சிங்கங்களுக்குக் கீழே தேவநாகரியில் ‘சத்யமேவ ஜயதே’ சேர்ந்தது. சுனாமி வந்தது 2004 டிசம்பரில். ஆகவே நிவாரணத்துக்கு வந்த கப்பல்களின் படங்களில் சிங்கம் இருக்கும், எழுத்து இருக்காது.

இப்போதுள்ள கொடி 2022 செப்டம்பர் 2-ல் கொச்சியில், புதிய விக்ராந்த் படையில் சேர்ந்த அதே விழாவில் அறிமுகமானது. வெள்ளைத் துணி, கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் மூவர்ணம், மறுபாதியில் கருநீல எண்கோணம், அதைச் சுற்றி இரட்டைப் பொன் விளிம்பு. எண்கோணத்துக்குள் ஒரு கேடயம், அதன்மேல் நங்கூரத்தின் உச்சியில் அசோகச் சிங்கங்கள், கீழே ‘சம் நோ வருணஹ’ என்ற வாசகம். ‘வருணன் நமக்கு நன்மை செய்யட்டும்’ என்று பொருள். இதைக் கடற்படைக்கு எடுத்துக் கொடுத்தவர் ராஜாஜி. எட்டு மூலைகள் எண்திசையைக் குறிக்கின்றன. இரட்டை விளிம்பும் எண்கோணமும் சத்ரபதி சிவாஜியின் முத்திரையிலிருந்து எடுத்தவை.

படத்தைச் சரிபார்க்க இந்த வரிசை போதும். சிலுவை இருக்கிறதா? இருந்தால் 2022 செப்டம்பருக்கு முந்தையது. மூலையில் யூனியன் ஜாக் இருந்தால் 1950-க்கு முந்தையது. வெற்றுச் சிலுவையும் மூவர்ணமும் என்றால் 1950-லிருந்து 2001-க்குள். சிலுவையில் சிங்கம் இருந்தால் 2004-க்குப் பிந்தையது. எழுத்தும் இருந்தால் 2014-க்குப் பிந்தையது. சிலுவையே இல்லாமல் நீலச் சின்னம் என்றால் 2001-க்கும் 2004-க்கும் இடைப்பட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கொடிப்படங்களில் பாதிக்கு மேல் ஆண்டு போட்டிருக்காது. பெயர் மட்டும் ‘இந்தியக் கடற்படைக் கொடி’ என்றிருக்கும். தவறு நுழையும் வாசல் அதுதான்.

இன்னொரு தவறு, படத்தைத் திருப்பிப் போடுவது. பக்க வடிவமைப்புக்காகக் கப்பல் வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்று கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடுகிறார்கள். மூவர்ணம் படத்தின் வலப்பக்கம் தெரிந்தாலே தவறு என்றில்லை. கொடியைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கம்பம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து மேல் மூலையில் மூவர்ணம் இருக்க வேண்டும். திருப்பிய படத்திலும் அது பொருந்திவிடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. கப்பலின் பக்கவாட்டில் எழுதிய எண்ணையும் மாலுமியின் பெயர்ப்பட்டையையும் பாருங்கள். அவை புரண்டிருந்தால் படம் புரண்டது.

கப்பலில் கொடி இருக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். கடற்படைக் கொடி பின்புறம் பறக்கும். கப்பல் நங்கூரமிட்டோ துறையில் கட்டியோ நிற்கும்போது முன்முனையில் தேசியக் கொடி ஏறும். காலை 8 மணிக்கு ஏற்றி, சூரியன் மறையும்போது இறக்குவார்கள். பாய்மரக் கம்பத்தின் உச்சியில் நீளமாக, ஒல்லியாகப் பறக்கும் இன்னொரு துணி உண்டு. கப்பல் படையில் சேரும் நாளில் ஏறி, ஓய்வு பெறும் நாள்வரை அங்கேயே இருக்கும். ஓய்வு பெறும் விழாவில் சூரியன் மறையும் நேரத்தில் அதையும் சேர்த்து இறக்குகிறார்கள். ‘தேசியக் கொடி இறக்கப்பட்டது’ என்று ஒற்றை வரியில் எழுதினால், அன்று இறங்கிய மூன்றில் இரண்டு விடுபட்டுப் போகும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐ.என்.எஸ். (‘இந்தியக் கடற்படைக் கப்பல்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்குவதெல்லாம் கப்பல் அல்ல. அரக்கோணத்தின் ராஜாளி, உச்சிப்புளியின் பருந்து இரண்டும் விமானத் தளங்கள். சென்னையின் அடையாறு, கோவையின் அக்ரணி, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தின் கட்டபொம்மன் ஆகியவை கரையிலுள்ள நிலையங்கள். கடற்படை மரபில் இவையும் ‘கப்பல்’ எனப் பெயர் பெற்று, கடற்படைக் கொடியைப் பறக்கவிடுகின்றன. ‘ஐ.என்.எஸ். ராஜாளி கப்பலில் விழா’ என்று தலைப்பு வந்தால் அரக்கோணத்துக்காரர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

மீனவர் செய்திகளில் கடற்படையும் கடலோரக் காவல்படையும் மாறிப் போவதற்கும் கொடியே மருந்து. பிரிட்டிஷ் கடற்படை ஒரு காலத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று அணிகளாக இருந்தது; அணிக்கொரு கொடி. 1864-ல் அந்தப் பிரிவினையை விட்டுவிட்டு, வெள்ளையைப் போர்க்கப்பலுக்கும் சிவப்பை வணிகக் கப்பலுக்கும் நீலத்தை அரசுக் கலங்களுக்கும் ஒதுக்கினார்கள். இந்தியாவில் இன்றும் அதே ஒழுங்குதான். வெள்ளைக் கொடி என்றால் கடற்படை. மூவர்ணம் மூலையில் உள்ள சிவப்புக் கொடி என்றால் சரக்குக் கப்பல். நீலத் துணியில் மூவர்ணமும் காவல்படைச் சின்னமும் என்றால் கடலோரக் காவல்படை. கொடி தெரியாத தூரத்தில் உடலின் நிறம் உதவும்: கடற்படைக் கப்பல் சாம்பல், காவல்படைக் கப்பல் சாய்பட்டையோடு வெள்ளை.

விமானப்படைக் கொடி இவ்வளவு படுத்தாது. இளநீலத் துணி, மூலையில் மூவர்ணம், கீழ்ப்பகுதியில் மூன்று நிற வட்டம். 2023 அக்டோபர் 8-ல் பிரயாக்ராஜில் நடந்த விமானப்படை தின விழாவில் ஒரே ஒரு மாற்றம் வந்தது: மூவர்ணத்துக்கு எதிர்ப்பக்க மேல் மூலையில் படையின் சின்னம் சேர்ந்தது. சிங்கத் தலைகள், அவற்றின் கீழ் சிறகு விரித்த இமயமலைக் கழுகு, ‘நபஹ ஸ்பர்ஷம் தீப்தம்’ என்ற கீதை வாசகம் ஆகியவை அதில் இருக்கும். சின்னம் இல்லாத கொடி பழையது. வட்டத்தை வரையும் ஓவியர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: காவி நடுவில், வெள்ளை இடையில், பச்சை வெளியே. தேசியக் கொடியில் மேலிருந்து கீழாகப் படித்த பழக்கத்தில் காவியை வெளிவட்டமாக்கிவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பறந்த விமானங்களில் வட்டத்தின் நடுச்சிவப்பையே எடுத்திருந்தார்கள். ஜப்பானின் செங்கதிர் என்று எண்ணித் தன் படையே சுட்டுவிடக் கூடாதே என்பதற்காக. அந்தக் காலப் படங்களில் வெறும் நீல வட்டம் இருந்தால் அச்சுப் பிழை என்று திருத்திவிட வேண்டாம்.

தரைப்படைக் கொடி சிவப்பு: மூலையில் மூவர்ணம், மறுபக்கம் குறுக்கிட்ட இரு வாள்களும் சிங்கங்களும். உடை ஆலிவ் பச்சையாக இருக்கக் கொடி ஏன் சிவப்பு என்று கேட்பவர்கள் உண்டு. சிவப்பு அங்கி அணிந்த பழைய படைகளின் மரபிலிருந்து வந்த நிறம் அது. சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, இளநீலம் விமானப்படைக்கு. இந்த மூன்று நிறம்தான் கொடிநாளன்று சட்டையில் குத்தும் சிறு கொடியிலும் இருக்கிறது. அதைத் ‘தேசியக் கொடி’ என்று எழுதுவதும், நாளையே ‘தேசியக் கொடி நாள்’ என்று எழுதுவதும் பிழை. 1949 ஆகஸ்ட் 28-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பல்தேவ் சிங் தலைமையிலான குழு டிசம்பர் 7-ஐத் தேர்ந்தெடுத்தது. போரில் காயமுற்றோரின் மறுவாழ்வு, பணியில் இருப்போர் குடும்ப நலன், முன்னாள் படைவீரர் மறுகுடியமர்வு ஆகிய மூன்றுக்குமான நிதி அது. 1993-ல் இது போன்ற பல நிதிகளை ஒன்றாக்கி முப்படைக் கொடிநாள் நிதி ஆக்கினார்கள். நம் மாவட்டங்களில் ஆட்சியர் வழியாக வசூலாவது இதற்குத்தான்.

இனி ‘குடியரசுத் தலைவர் கொடி’, அதாவது ஒரு படையையோ படைப்பிரிவையோ பெருமைப்படுத்தக் குடியரசுத் தலைவர் பெயரில் வழங்கும் கொடி. 2022 ஜூலை 31-ல் சென்னையில் தமிழ்நாடு காவல்துறைக்கு அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு இதை வழங்கியபோது, ‘விருது’, ‘பதக்கம்’, ‘கொடி’ என்று பல பெயர்கள் அச்சில் வந்தன. இது கம்பத்தில் ஏற்றும் கொடி அல்ல. பட்டுத்துணியில் பொன்னிழைப் பூவேலை செய்து, கைக்கம்பில் கோத்து அணிவகுப்பில் ஏந்திச் செல்வது. படைக்குள் ‘நிஷான்’ என்பார்கள். புகை மண்டிய போர்க்களத்தில் சிப்பாய் தன் படைப்பிரிவு எங்கே என்று கண்டுகொள்ள உதவிய கொடியின் வாரிசு இது. அப்போது கொடி விழுந்தால் பிரிவு சிதறும். அதைக் காக்க உயிர் கொடுத்தார்கள். துப்பாக்கியின் குறி கூர்மையான பிறகு கொடியேந்தியவர் நல்ல இலக்காகிவிட்டார். பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று போருக்குள் கொடி கொண்டு சென்றது கடைசியாக 1881-ல், தென்னாப்பிரிக்காவின் லேங்ஸ் நெக்கில். அதன்பின் அது அணிவகுப்புப் பொருள்.

இந்தியாவில் குடியரசுத் தலைவர் கொடியை முதலில் பெற்ற படை கடற்படை. 1951 மே 27-ல் டாக்டர் ராஜேந்திர பிரசாத் வழங்கினார். விமானப்படை பெற்றது 1954 ஏப்ரல் 1-ல். அதற்கு முன் பிரிட்டிஷ் மன்னர் பெயரில் வாங்கிய கொடிகளை எரிக்கவோ வீசவோ இல்லை. 1950 நவம்பரில் டேராடூன் ராணுவ அகாடமியின் செட்வுட் மண்டபத்தில் மரியாதையோடு வைத்துவிட்டார்கள். பீரங்கிப் படைக்கு இப்படிக் கொடி கிடையாது. பீரங்கியே அவர்களுக்குக் கொடி. அணிவகுப்பில் பீரங்கிக்கு வணக்கம் செலுத்தும் படத்துக்கு இந்த ஒரு வரி விளக்கம் போதும்.

படைப்பிரிவுக் கொடிகளில் அந்தப் பிரிவு போரிட்ட களங்களின் பெயர்கள் இருக்கும். ஆனால் இந்திய மன்னர்களை எதிர்த்துப் பெற்ற பெருமைகளை எழுதக் கூடாது என்பது சுதந்திரத்துக்குப் பின் வந்த முடிவு. மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் நிற்கும் யானை 1803-ல் அசாயேயில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மராத்தியரோடு பொருதியதற்குக் கிடைத்தது. அசாயே என்ற பெயருக்குக் கொடியில் இடமில்லை. யானை மட்டும் தங்கிவிட்டது. ஒரு படையின் கொடியில் சிவாஜியின் முத்திரை, இன்னொரு படையின் சின்னத்தில் மராத்தியரை வென்ற யானை! சின்னங்களை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து வரைவதில்லை. வரலாறு விட்டுச் சென்றதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறார்கள்.

இந்தக் கொடிகளை வணக்கத்துக்காகச் சாய்ப்பார்கள். தேசியக் கொடியை யாருக்காகவும் எதற்காகவும் சாய்க்கக் கூடாது. 1971-ம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, அணிவகுப்பில் கொடி தாழ்ந்த படத்தைப் போட்டு ‘அவமதிப்பா?’ என்று கேள்வி எழுப்புவது வீண் வேலை.

வீரர்களின் இறுதிச் சடங்குச் செய்திகளில் நிதானம் இன்னும் கூடுதலாக வேண்டும். பெட்டியின் மேல் போர்த்துவது தேசியக் கொடி, படைக்கொடி அல்ல. காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. அதற்கு முன் எடுத்து, மடித்து, குடும்பத்தாரிடம் கொடுக்கிறார்கள். மடிக்கும் முறை எளிது. கொடியைக் கிடையாக விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடிக்க வேண்டும். பிறகு வெள்ளையின் இரு ஓரங்களையும் உள்நோக்கி மடித்தால் அசோகச் சக்கரமும் காவி, பச்சையின் சிறு பகுதியும் மட்டும் தெரியும். உள்ளங்கைகளில் ஏந்திச் செல்ல வேண்டும். முக்கோணமாக மடிப்பது அமெரிக்க வழக்கம். நம் வீரரின் அஞ்சலிச் செய்திக்கு முக்கோணக் கொடியை ஏந்திய கைகளின் படம் போட்டால், அது எந்த நாட்டுக் கை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதிலும் ஒரு நுணுக்கம். நேரே பாதிக்கு ஏற்றி நிறுத்துவதில்லை. முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு பாதிக்குத் தாழ்த்த வேண்டும். மாலையில் இறக்கும் முன்பும் ஒருமுறை உச்சிக்கு ஏற்ற வேண்டும். பள்ளிகளில் இது பெரும்பாலும் தவறிப்போகிறது, கொடிக்கயிறு சிக்கிக்கொள்ளும் என்ற பயத்தில்.

அமெரிக்கச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ‘சர்வீஸ் ஃபிளாக்’ என்றால் படையின் கொடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வீட்டுச் சன்னலில் தொங்கும் கொடி. 1917-ல் ஒஹையோவைச் சேர்ந்த கேப்டன் ராபர்ட் குவைசர் வடிவமைத்தது. சிவப்பு விளிம்பு, வெள்ளை நடுப்பகுதி, அதில் அந்த வீட்டிலிருந்து படையில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நீல நட்சத்திரம். அவர் பணியில் இறந்தால் நீலத்தின் மேல் பொன் நட்சத்திரம். ‘பொன் நட்சத்திரக் குடும்பம்’ என்று வந்தால் விருது பெற்ற குடும்பம் என்று எழுதிவிட வேண்டாம். மகனையோ மகளையோ, கணவரையோ மனைவியையோ படைப்பணியில் பறிகொடுத்த குடும்பம் அது.

விளம்பரப் பகுதிக்கும் ஒரு வேண்டுகோள். கடற்படை, தரைப்படை, விமானப்படைக் கொடிகளில் அசோகச் சிங்கம் இருக்கிறது. அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 2005-ம் ஆண்டின் அரசுச் சின்னச் சட்டம் தடுக்கிறது. இரண்டாண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று தண்டனையும் சொல்கிறது. டிசம்பரில் வரும் ‘வீர வணக்கம்’ விளம்பரங்களில் நிறுவனத்தின் முத்திரைக்குப் பக்கத்திலேயே படைக்கொடியை அச்சிடும் முன் விளம்பரதாரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் படக்கிடங்கில் கொடிப்படங்கள் எப்படியும் ஒரு கட்டாவது இருக்கும். ஒவ்வொன்றின் பெயரோடும் படையின் பெயரையும், அந்தக் கொடி எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை பறந்தது என்பதையும் எழுதி வைத்தால் ஒரு பிற்பகல் வேலைதான். அதைச் செய்யும்போது 2004-லிருந்து 2022 வரை பறந்த சிலுவைக் கொடியை முதலில் தனியே எடுத்து வையுங்கள். அது புதிதுபோலவே தெரியும். சிறப்புப் பக்கங்களில் அதிகமாக ஏமாற்றுவதும் அதுதான்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்